வெறுமை என்று சொன்னவள்

காராச்சேவு குளியலறை மூலையில் குந்திக்கொண்டு கத்தியது. காராச்சேவு என்றால் தின்கிற காராச்சேவு இல்லை, பூனை. ஜெசிந்தாவின் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மழை நாளில் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி. அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு மகள் ஆன்சி வைத்த பெயர் அது. கொண்டுவந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார். பூனை அவர் படுத்த கட்டிலில் கால்மாட்டில் படுத்துக்கொண்டு, ஆன்சிக்குப் பேச்சுத்துணையாக இருந்தது. பி.காம் படிக்கிற பெண், காலேஜில் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொல்ல மாட்டாள், பூனையிடம் சொல்லுவாள். வேறு வழி? அம்மாவிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி.

"யம்மா, காலையில இருந்து இதே மாதிரித்தான். குந்துது, முக்குது, கத்துது. ஒண்ணும் வரமாட்டேங்கு. கீழயே நக்கிக்கிட்டு இருக்கு."

"மலச்சிக்கலா இருக்கும்ட்டி. காஞ்ச தீனியா அள்ளிப் போட்டா பின்ன என்ன ஆகும்? பால்ல ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குடு. சரியாயிரும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்மா. ஊருல உள்ள நாயும் பூனையும் எங்க வலிக்குன்னு நீ சொல்லுத. நம்ம பூனைக்கு ஒரு தடவ சொல்லக்கூடாதா?"

"இப்பத்தான அங்கருந்து வாரேன்! உசுரு இருக்கா எனக்கு?"

கோபத்தில் சொல்லவில்லை அவள். உண்மையிலேயே ஓய்ந்துபோய் வந்திருந்தாள். அன்றைக்கு மட்டும் ஒரு காதுப் புண்ணையும், ஒரு முறிந்த தொடையையும், உண்ணிக் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழட்டு நாயையும் சுமந்துவிட்டு வந்திருந்தாள். ஜெசிந்தா ஒரு நோவுசொல்லி. பிராணியின் கழுத்தில் ஒரு பட்டை, இவள் தலையில் ஒரு தொப்பி. அதன் வலி இவள் உடம்புக்கு வரும். எங்கே, எப்படி, எவ்வளவு என்று வாயால் சொல்லுவாள். வாயில்லாத ஜீவனுக்கு வாயாக இருக்கிற வேலை என்று சேர்ந்த புதிதில் பங்குச் சாமியார்கூட ஜெபத்தில் வைத்துப் பாராட்டினார். பாராட்டு யாருக்கு வேண்டும்! முதல் மாதம் முழுக்க அவள் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் ஆஸ்பத்திரியே மரப்பு மாத்திரை என்று ஒன்றைக் கொடுத்தது. வேலை முடிந்ததும் ஒன்று போட்டுக்கொண்டால் அன்றைய வலியெல்லாம் அடங்கிப்போகும்.

பூனை மறுபடியும் கத்தியது. ஜெசிந்தாவுக்கு அந்தச் சத்தம் பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரித்தான் கேட்டது. எரிச்சலாக இருந்தது, பாவமாக இல்லை. மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள்.

காலையில் எழுந்து வந்தபோது ஆன்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துண்டு, துண்டுக்குள் பூனை.

"கத்துறத நிறுத்திட்டும்மா."

"பாத்தியா, நான் சொன்னம்லா. சரியாயிட்டு."

ஆன்சி அம்மாவை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதை ஒரு தாய் பார்க்கவே கூடாது. "வாந்தி எடுத்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப அதுக்கும் தெம்பில்ல. கால் ஐஸா இருக்கு, தொட்டுப் பாரு."

ஜெசிந்தா தொட்டுப் பார்த்தாள். அடிவயிறு எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியாக இருந்தது. பூனை கண்ணைத் திறந்து, யாரென்று பார்க்கக்கூட விருப்பமில்லாமல் மூடிக்கொண்டது.

"இது செத்துப்போச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்கமாட்டேம்மா," என்றாள் ஆன்சி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். ஜெசிந்தாவுக்குப் பயம் நன்றாகவே வந்தது. பூனை மேல் இரக்கம்தான் வரவில்லை. மகள் சொன்னதைச் செய்கிறவள் என்பது மட்டும் தெரியும்.

தெருமுனையில் கிடைத்த ஆட்டோவில் ஏறினார்கள். ஓட்டினவர் செல்லத்துரை என்று ஒருவர். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நீங்க அந்தத் தொப்பிக்காரம்மாதான?" என்றார்.

"ஆமா. கொஞ்சம் வெரசாப் போங்கண்ணே."

"போறேம்மா, போறேன். என்னைய மறந்திருப்பிய. போன மாசம் எங்க டைகரக் கொண்டு வந்தேன். கறுப்பு நாயி. உள்ளுக்க ஒண்ணுமே இல்ல, வலியெல்லாம் தாண்டிட்டு, வெறுமைன்னு சொன்னிய. அப்புறம்தான் ஊசி போட்டாவ." சிக்னலில் நிறுத்தி, திரும்பிக் கைகூப்பினார். "வலியில்லாமத்தான் போச்சுன்னு நீங்க சொன்ன ஒரு சொல்லு இருக்கு பாத்தியளா, அதுலதான் எம்பொண்டாட்டி சோறு தின்னா."

"நல்லதுண்ணே," என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு டைகரும் நினைவில்லை, அவர் பொண்டாட்டியும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வசீகரன்தான் இருந்தார். சின்ன வயது, வெளியூர்க்காரர், ஜெசிந்தாவை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பூனையை மேசையில் கிடத்தி, வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்த மாத்திரத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

"மூத்திரப் பாதை அடைச்சிருக்குக்கா. ஆண் பூனைங்களுக்கு அடிக்கடி வர்றதுதான். முக்கி முக்கி உக்காருதுன்னா எல்லாரும் மலச்சிக்கல்னு நினைச்சுக்கறாங்க. நீங்க எதுவும் குடுக்கலையே?"

"விளக்கெண்ணெய்," என்றாள் ஆன்சி.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "நேத்தே வந்திருந்தா குழாய் விட்டு எடுத்திருப்பேன், வீட்டுக்குப் போயிருக்கலாம். இப்போ விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் போனா இதயம் நின்னுடும். தொப்பிய எடுங்கக்கா, சீக்கிரம்."

"தெரிஞ்சுட்டுல்ல சார்? அடைப்புன்னு தெரிஞ்சுட்டுல்ல? குழாயப் போடுங்களேன்!" என்று ஆன்சி கத்தினாள்.

"போட முடியாதும்மா." அவர் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "அம்மா சொன்னாத்தான் அது திறக்கும். வலி இருக்குன்னு அவங்க சொல்லி, அவங்க உடம்பும் அதையே சொன்னா, மேல் தட்டு திறக்கும். மருந்து, குழாய் எல்லாம் அங்கதான். வெறுமைன்னா கீழ் தட்டு மட்டும்தான்."

"கீழ என்ன இருக்கு?"

"கடைசி ஊசி."

ஏன் இப்படி ஒரு சட்டம் என்று கேட்டால், நல்லதற்காகத்தான் கொண்டுவந்தார்கள். வெளிநாடு போகிறோம், வீடு மாறுகிறோம் என்று நல்ல பிராணிகளை ஊசி போட்டுக் கொல்லச் சொன்னவர்களும் இருந்தார்கள். பிழைக்காத பிராணியை வாரக்கணக்கில் அறுத்துப் பணம் பார்த்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் நிறுத்த வேண்டும், பிராணியிடமே கேட்டுவிடுவோம் என்றார்கள். நல்ல பிராணியிடமும் பசி, பயம் என்று ஏதாவது ஒரு நோவு இருக்கும், பிழைக்காததிடம் ஒன்றுமே இருக்காது என்பது கணக்கு. கேட்பதற்குத்தான் ஜெசிந்தா மாதிரி ஆட்கள். பொய்யும் சொல்ல முடியாது. சொல்லுகிறவள் உடம்பு பதறுகிறதா இல்லையா என்று தொப்பிக்கே தெரியும்.

ஜெசிந்தா பட்டையைப் பூனையின் கழுத்தில் கட்டினாள். தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஒன்றும் வரவில்லை.

தொப்பியின் ஓரத்தில் ஒரு திருகு உண்டு, வலியைக் கூட்டவும் குறைக்கவும். சேர்ந்த புதிதில் அதை லேசாகத் தொட்டாலே அவளுக்கு அலறல் வந்துவிடும். வருஷம் ஆக ஆகக் கூட்டிக்கொண்டே போனாள். இப்போதும் வழக்கம்போல் கடைசி வரைக்கும் திருப்பினாள். நேற்று மங்கலாகவாவது வந்தது, இன்றைக்கு அதுவும் இல்லை. ஆளில்லாத வீட்டில் போன் அடிக்கிற மாதிரி இருந்தது. பூனை அவள் கைக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. அலமாரியின் மேல் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அது சிவப்பாவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே வெறுமை என்று எடுத்துக்கொள்ளும்.

"சொல்லும்மா," என்றாள் ஆன்சி. "எங்க வலிக்குன்னு சொல்லு."

மாதாவே, ஒரு துளி, ஒரே ஒரு துளி வலி கொடு என்று ஜெசிந்தா வேண்டினாள். ஊரில் எல்லாரும் வலியை எடு எடு என்று மாதாவிடம் கெஞ்சுவார்கள். இவள் கொடு என்று கெஞ்சினாள். வரவில்லை. விளக்கு சிவப்பாகப் போகிற நேரத்தில் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். விளக்கு அணைந்தது.

"சார், சார், நேத்து ரெண்டு மாத்திரை போட்டுட்டேன். அதான் மரத்துப்போய்க் கெடக்கு. தப்புதான். என்னைய வேலைய விட்டு எடுத்திருங்க. ஆனா இதுக்கு ஏதாவது முறி மருந்து இருந்தா இப்பக் குடுங்க சார். இல்லன்னா இன்னொரு தொப்பிக்காரரு குருஸ் அண்ணனக் கூப்பிடுங்க."

"குருஸ் அண்ணன் போன வாரமே வேலையை விட்டுட்டாருக்கா. வேற ஆள் வரணும்னா மதுரையில இருந்து வரணும்." டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சொன்னார். "அந்த மாத்திரையில மருந்து இல்லக்கா."

"என்னது?"

"முதல் வருஷம்தான் நிஜ மருந்து. அதுக்கப்புறம் யாருக்கும் தேவைப்படல. நிறுத்தினா பயந்துடுவீங்கன்னு மேலிடத்துல வெறும் மாவு மாத்திரையக் குடுக்கச் சொன்னாங்க. எனக்கே ஆறு மாசம் முன்னாடிதான் தெரியும். சொல்லியிருக்கணும்."

அப்படியானால் இந்த மரப்பு மாத்திரையால் வந்தது இல்லை என்று ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. சாயங்காலமானால் சரியாகிவிடும் என்கிற விஷயமும் இல்லை.

பூனையின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது.

அடுத்து நடந்ததை யாரும் தடுக்க முடியவில்லை. ஆன்சி தரையில் கிடந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "ஏய், பழகாதவங்க போடக்கூடாது!" என்று டாக்டர் ஓடி வந்தார். ஜெசிந்தா பக்கத்தில்தான் நின்றாள். கையை நீட்டி அந்தத் திருகைக் குறைத்திருக்கலாம். குறைக்கத் தோன்றவில்லை. எத்தனையோ நாளாக அது அவளுக்குக் கடைசியில்தான் நிற்கும், அவளுக்கு அதுதான் சாதாரணம்.

ஆன்சி அலறினாள். அப்படி ஓர் அலறலை அந்த ஆஸ்பத்திரி கேட்டதில்லை. வெளியே காத்திருந்த நாய்களெல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி விழுந்தாள் அந்தப் பெண்.

"தீ! அடிவயித்துல தீ... போகணும், போக முடியல, வெடிக்கப் போகு... யம்மா! யம்மா!"

அலமாரியின் மேல் தட்டு திறந்துகொண்டது.

ஜெசிந்தா மகள் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கினாள். டாக்டர் அதற்குள் குழாயை எடுத்துவிட்டார். மயக்க மருந்து, ஊசி, சலைன் என்று அவர் கை ஓடின ஓட்டத்தில் நேரம் போனதே தெரியவில்லை. குழாய் இரண்டு தடவை தட்டி நின்றது. மூன்றாவது தடவை உள்ளே இறங்கியது. கறுஞ்சிவப்பாக மூத்திரம் கிண்ணத்தில் சொட்டி, பிறகு ஓடத் தொடங்கியது. ஜெசிந்தா அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆயுசில் இவ்வளவு கவனமாக அவள் எதையும் பிடித்ததில்லை.

"பொழச்சுக்கும்னு நினைக்கறேன்," என்றார் டாக்டர் கடைசியில். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "மூணு நாள் இங்கயே இருக்கட்டும். அப்புறம் காஞ்ச தீனிய நிறுத்திடணும். தண்ணி நிறையக் குடிக்கணும். இனிமே ஒரு நேரம் மூத்திரம் போகலன்னாலும் தூக்கிட்டு ஓடி வந்துடணும். எண்ணெய் கிண்ணெய் எதுவும் கூடாது."

ஆன்சி பெஞ்சில் சுருண்டு படுத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். பல்லெல்லாம் தந்தியடித்தது. ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்தாள். மகள் துடிக்கிறாள் என்று கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு சரி. அந்தத் துடிப்பு கை வழியாக ஏறி எங்கேயும் போய்ச் சேரவில்லை.

டாக்டர் தொப்பியை எடுத்துத் திருகைப் பார்த்தார். "முழுசா வச்சிருந்திருக்கீங்க," என்றார். அப்புறம் அவராகவே யோசித்துக்கொண்டு வந்தார், ஒவ்வொரு சொல்லாக. "இந்தப் பூனைகிட்ட அவ்வளவு வலி இருந்திருக்கு. இதே திருகுல உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. அப்போ... இந்த வருஷம் நீங்க வெறுமைன்னு சொன்னதெல்லாம்..."

தொப்பியை மேசையில் வைத்துவிட்டார்.

"டைகர்," என்றாள் ஜெசிந்தா.

"யாரு?"

"ஒரு ஆட்டோக்காரரு நாயி. கறுப்பா இருக்குமாம். எனக்கு மூஞ்சிகூட ஞாபகமில்ல சார். காலையில எனக்குக் கைகூப்பினாரு."

எத்தனை பேர் கைகூப்பியிருப்பார்கள்! பிள்ளை மாதிரி வளர்த்ததை இவள் சொன்ன ஒரு சொல்லுக்காக ஊசிக்குக் கொடுத்துவிட்டு, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அதுகள் உள்ளுக்குள் தீயாக எரிந்துகொண்டு, இவளாவது சொல்லுவாள் என்று இவள் கைக்குக் கீழே கிடந்திருக்கும். இவள் ஒன்றுமில்லை என்று சொன்னாள். தொப்பியும் ஆமாம், ஒன்றுமில்லை என்றது. அது பிராணியைச் சொல்லவில்லை, இவளைத்தான் சொல்லியிருக்கிறது.

இதை நினைத்து நெஞ்சு வெடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெருவில் விழுந்து புரள வேண்டும். கைப்பையில் சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளுக்குள் துழாவிப் பார்த்தாள். அழுகை அகப்படவில்லை.

"யம்மா, அழுதிரும்மா," என்றாள் ஆன்சி. "ஒரு தடவ அழுதிரு."

"வரமாட்டேங்குட்டி. நான் என்ன செய்யட்டும்? எனக்குள்ள ஒண்ணும் இல்லட்டி. நான்தான் வெறுமை. அந்த ஊசிய எனக்குத்தான் போட்டிருக்கணும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆன்சி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மேசை வரைக்கும் நடந்து போனாள். மயங்கிக் கிடந்த பூனையின் கழுத்திலிருந்து பட்டையை அவிழ்த்து, தன் சுடிதார் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"குனி."

"என்னட்டி செய்யுத?"

"குனின்னு சொல்லுதேன்லா."

ஜெசிந்தாவின் கழுத்தில் அந்தப் பட்டை கொஞ்சம் சிறிதாகத்தான் இருந்தது. ஆன்சி கடைசி ஓட்டையில் மாட்டினாள். டாக்டர், "மனுஷங்களுக்கு இத யாரும்..." என்று ஆரம்பித்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். தொப்பியை எடுத்து, திருகை இருப்பதிலேயே குறைந்த இடத்துக்குக் கொண்டுவந்து, ஆன்சியிடம் கொடுத்தார்.

"வேண்டாம்ட்டி. கெடக்கது கெடக்கட்டும். ஒண்ணும் இல்லன்னு உன் வாயால கேக்கதுக்கு எனக்குத் தெம்பில்ல."

ஆன்சி தொப்பியை மாட்டிக்கொண்டு, அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ ஒருவர் தன் நாயை அதட்டுவது கேட்டது. ஜெசிந்தா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தைவிட இது கொடுமையாக இருந்தது.

அப்புறம் ஆன்சியின் உதடு நடுங்கியது. அலறவில்லை. வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகக் கொட்ட ஆரம்பித்தது.

"என்னட்டி? சொல்லு. வெறுமையா?"

ஆன்சி இல்லையென்று தலையாட்டினாள்.

"எங்க வலிக்கு?"

"எங்கன்னும்மா சொல்ல? இடமே பாக்கியில்ல. காதுல, தொடையில, வயித்துல, பூராம் வலிக்கு. ஒண்ணுகூடப் போகல. எல்லாம் உனக்குள்ளதான் கெடக்கு. இத வச்சுக்கிட்டா நீ தினம் எனக்குச் சோறு பொங்கிப் போட்ட?"

ஜெசிந்தாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து மகளின் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

"அழாதட்டி, என் தங்கம். போதும், கழட்டிரு. எதுக்குட்டி இப்படி அழுத?"

ஆன்சி தொப்பியைக் கழற்றவில்லை. அம்மாவின் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எங்கம்மா அழுதேன்?" என்றாள் விக்கிக்கொண்டே. "நீதான் அழுதுக்கிட்டு இருக்க."